இறங்கும் என்று சொன்னவர்

"அம்மா, விலைய யாரும்மா ஏத்துறாங்க?"

தீபிகா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றிருந்தது. அதில் அவள் அப்பா அப்பாதுரையின் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடுகளுக்குச் சமைத்துப் போடுகிறவரின் அண்டாக்கள், இட்லிக் கொப்பரைகள், ஆள் உயரக் கரண்டிகள். பழைய பாத்திரம் வாங்குகிறவன் எல்லாவற்றையும் எடைக்கு எடுத்துக்கொண்டிருந்தான். விலைவாசி ஏறியதால் வந்த வினை என்று பக்கத்து வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் குழந்தைக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

லோகாம்பாள் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"வெங்கடேசன்."

குழந்தை அதை அப்படியே நம்பிவிட்டது. பேனா விலை ஏறினாலும் பஸ் டிக்கெட் ஏறினாலும், "வெங்கடேசன் ஏத்திட்டாராம்மா?" என்று கேட்கும். அப்பாதுரை சிரிப்பார். லோகாம்பாள் சிரிக்க மாட்டாள்.

வெங்கடேசனுக்குக் காஞ்சிபுரம் மார்க்கெட் பக்கத்தில் மளிகை மண்டி. ஊரில் பாதிச் சமையல்காரர்களுக்கு அவர் கடையில்தான் எண்ணெயும் பருப்பும். கல்யாணச் சமையலை இலைக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். பேசி முடித்து வெற்றிலைத் தட்டு கைமாறிவிட்டால் பிறகு என்ன நடந்தாலும் அந்த ரேட்டு மாறக் கூடாது. சாமான் விலை ஏறிவிட்டது, கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள் என்று ஒருமுறை வாய் திறந்தவரை அடுத்த முகூர்த்தத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆகவே சமையல்காரர் தை மாதத்தில் நின்றுகொண்டு சித்திரை மாதத்து விலையைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருடம் தையில் அப்பாதுரை மூன்று பெரிய கல்யாணங்களை ஒப்புக்கொண்டிருந்தார். எண்ணெயையும் பருப்பையும் இப்போதே வாங்கி அடுக்கிவிடலாமா என்று வெங்கடேசனிடம் யோசனை கேட்டார்.

"எதுக்குப்பா காச முடக்குற? எறங்கும். மாசியில எறங்கும், அப்ப வாங்கிக்கோ" என்றார் வெங்கடேசன்.

மாசியில் எங்கோ தூர தேசத்தில் போர் தொடங்கியது. பங்குனியில் எண்ணெய் டின்னின் விலையைக் கேட்டவர்கள் மறுபடி ஒருமுறை கேட்டார்கள். அதைத் தொட்டுக்கொண்டு பருப்பும் மிளகாயும் கேஸும் ஏறின. வெங்கடேசனின் குடோனில் மட்டும் எண்ணெய் டின்கள் கூரை வரை நின்றிருந்தன. அப்பாதுரை அந்த டின்களையே புது விலைக்கு வாங்கி, பழைய ரேட்டுக்குச் சமைத்துப் போட்டார். மூன்று கல்யாணத்திலும் ஒரு வடை குறையவில்லை. மூன்றாவது கல்யாணம் முடிந்ததும் பாத்திரங்களை விற்றார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போய்ச் சேர்ந்தார்.

கரண்டியை லோகாம்பாள் கையில் எடுத்தாள். முதலில் காதுகுத்து, பிறகு வளைகாப்பு, பிறகு சின்னக் கல்யாணங்கள். நாலு வருடத்தில் மறுபடி அண்டாக்கள் வாங்கினாள். ஆனால் மண்டிப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. வாலாஜாபாத் வரை பஸ்ஸில் போய்ச் சாமான் வாங்கி வந்தாள். தெருவில் வெங்கடேசனைப் பார்த்தால் மறுபக்கம் போய்விடுவாள். சாமி கும்பிடும்போது மட்டும் அவர் பெயரை மறக்காமல் சொல்வாள். அவரை நன்றாக வைக்கச் சொல்லி அல்ல.

இந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை வெங்கடேசனே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே அவர் மச்சான் ஆனந்தராஜ், கையில் வெற்றிலைத் தட்டோடு.

"ஆவணியில எம் பொண்ணு திரிஷாவுக்குக் கல்யாணம்மா" என்றார் வெங்கடேசன். "மாப்ள வூட்டு ஊரு தாமல். அங்க ஏதோ வளைகாப்புல நீ போட்ட சோத்தத் தின்னுட்டு, அந்தம்மாதான் சமைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

"வேற ஆளக் காட்டினோம். கேக்கலக்கா" என்றான் ஆனந்தராஜ். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவனுக்கு உறைத்தது. "அதாவது, ஒங்க கைமணம் அப்படி."

"உக்காருங்கண்ணே" என்றாள் லோகாம்பாள். அவள் குரல் இனிப்பாக இருந்தது. உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த அப்பாதுரை அந்த இனிப்பைக் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

"இலைக்கு இன்னா ரேட்டுன்னு சொல்லும்மா. பேசி முடிச்சுடலாம்."

"இப்ப எதுக்குண்ணே பேசிக்கினு? இப்ப பேசினா நான் பயந்துக்கினு ஒசத்திதான் சொல்லணும். கல்யாணத்தன்னைக்கு மார்க்கெட்டு விலை இன்னாவோ அத வச்சு இலைக்குப் போட்டுக்கலாம். ஒங்களுக்குத்தான் லாபம்." அவள் வெங்கடேசனின் முகத்தை நேராகப் பார்த்தாள். "எறங்கும்ணே. ஆவணியில எறங்கும்."

வெங்கடேசன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா சொல்றது கரெக்ட்டு மாமா" என்றான் ஆனந்தராஜ். "நியூஸ்லகூட பணவீக்கம் கொறஞ்சிக்கினே வருதுன்னு சொல்றான். வர்ற மாசமும் கட்டுக்குள்ளதான் இருக்குமாம்."

"நியூஸ் சொல்றவன் மண்டியா வச்சிருக்கான்?" என்றார் வெங்கடேசன். பிறகு லோகாம்பாளிடம், "எறங்குமா?" என்று கேட்டார்.

"எறங்கும்."

"சரிம்மா. நீ சொன்னா சரி."

தட்டு கைமாறியது.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பாதுரை கேட்டார். "ஏய் லோகா, இன்னா வேல பண்ற நீ? கொளுத்துன வெயில்ல தக்காளிப் பூவெல்லாம் கருகிப்போச்சு, தேங்கா காய்ப்பு இல்லன்னு நீதானே நேத்து பொலம்பின?"

"ஆமா."

"அப்புறம்?"

"ஒங்களுக்கு அவரு சொன்ன வார்த்தைய அவருக்கே திருப்பிக் குடுத்தேன். வட்டி போடல."

அப்பாதுரை செருப்பை மாட்டிக்கொண்டார். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "கோவத்த சாம்பாருல போட்டுடாத. உப்பு தெரியாம போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

லோகாம்பாள் அடுத்த வாரமே பின்னறையைக் காலி செய்தாள். கையிலிருந்ததைப் போட்டு, போதாததற்குச் சீட்டை ஏலத்தில் தள்ளுபடிக்கு எடுத்து, அரிசியும் பருப்பும் எண்ணெயும் மிளகாயும் வாங்கினாள். தேங்காயை மட்டையோடு வாங்கிக் குவித்தாள். தக்காளியைத்தான் அடுக்கி வைக்க முடியவில்லை. ஆனி விலையில் வாங்கியதை ஆவணி விலையில் வெங்கடேசன் தலையில் கட்ட வேண்டும். அன்று குடோனில் அவர் எப்படி நின்றாரோ அப்படி அவள் நிற்க வேண்டும். அதுதான் அவள் கேட்டது, வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் விலை ஏறுவதற்காகக் காத்திருந்தாள். கல்யாணச் சமையல் செய்கிற ஒருத்தி தினமும் மார்க்கெட்டுக்குப் போய், ஏன் இன்னும் ஏறவில்லை என்று வருத்தப்பட்டுத் திரும்புவதை அந்த ஊர் அதுவரை பார்த்திருக்காது. ஆடி ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் வார்த்தபோது எல்லாரும் மழை வேண்டும், பிள்ளை வேண்டும், வேலை வேண்டும் என்று கேட்டார்கள். லோகாம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாயே, ஏறணும்" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் டிவியில் பணவீக்கம் மறுபடி குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். கோடு ஒன்று சறுக்குமரம் போல இறங்கியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கடி கொறஞ்சுது? தேங்கா கடையில போயி கேக்கச் சொல்லு அவன!"

தீபிகாவுக்கு இப்போது பதினொன்று. எதையும் செல்போனில் பார்த்துத் தெரிந்துகொள்கிறவள். "அது சராசரிம்மா. தேங்கா எறங்கியிருக்காது, டிவி, போனு எல்லாம் எறங்கியிருக்கும். எல்லாத்தையும் சேத்துக் கணக்கு போட்டு சொல்றாங்க."

"டிவிய வச்சாடி தொவையல் அரைக்கிறது?"

"அத கவர்மென்ட்டக் கேளு."

ஆடி பாதியில் அவள் கேட்டது நடக்கத் தொடங்கியது. தேங்காய் முதலில் ஏறியது. பிறகு தேங்காய் எண்ணெய். அதைப் பார்த்து மற்ற எண்ணெய்கள். தக்காளி ஒரே வாரத்தில் இரண்டு மடங்கானது. மார்க்கெட்டில் பெண்கள் பையைப் பிரிக்காமலே கடை கடையாக நின்று விலையை மட்டும் கேட்டுப் போனார்கள். லோகாம்பாள் ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டு உள்ளுக்குள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவைத் திறந்து மூட்டைகளைப் பார்ப்பாள். சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிடும்.

ஒரு நாள் காலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கிரேஸின் இட்லிக் கடையில் உட்கார்ந்தாள். கிரேஸ் அவளோடு பல கல்யாணங்களில் காய் நறுக்க வந்தவள். தட்டில் இட்லியோடு வந்தது பொட்டுக்கடலைச் சட்னி. அதுவும் தண்ணீராக ஓடியது.

"இன்னா கிரேஸு, சட்னிய ஆத்துல இருந்து மொண்டு வந்தியா?"

"சிரிக்காத. எந்தப் புண்ணியவதி வேண்டிக்கினாளோ, தேங்கா ஆகாசத்துல ஏறி உக்காந்துக்கினு இருக்குது."

லோகாம்பாளின் கை இட்லியில் நின்றது.

"நீயும் ஏத்திட வேண்டியதுதானே?" என்றாள் மெல்ல.

"ஏத்தினேனே. ரெண்டே ரூவா. நாலு இட்லி துன்ற பசங்க ரெண்டோட எழுந்துக்கிறாங்க. ஒரு ஆட்டோக்காரரு தெனம் வருவாரு, பெரியவரு. இப்ப கடையத் தாண்டும்போது அந்தப் பக்கம் மூஞ்சத் திருப்பிக்கினு போறாரு. நான் கூப்ட்டு சும்மா வச்சிடுவேன்னு கூச்சம். நான் இன்னாத்த கூப்புடுறது? நேத்து நானே ஒரு வேளைதான் துன்னேன்." கிரேஸ் குனிந்து, பலகைக்குக் கீழேயிருந்து ஒரு சின்ன டம்ளரை எடுத்தாள். அதில் வெள்ளை வெளேரென்று தேங்காய்ச் சட்னி. "இந்தா. எல்லாருக்கும் முடியல. சமையக்காரம்மா நாக்குக்கு அந்தத் தண்ணியக் குடுக்க எனக்கு மனசு வரல. நீ வருவேன்னு ஒரு மூடி அரைச்சேன்."

லோகாம்பாள் அந்த டம்ளரைக் கிரேஸின் பக்கமே நகர்த்தி வைத்தாள். தெய்வத்திடம் அவள் ஒரு ஆளைக் காட்டித்தான் கேட்டிருந்தாள். ஆனால் விலை ஆள் பார்த்து ஏறுவதில்லை. வெங்கடேசன் வீட்டுக் கதவைத் தட்டுமுன் அது கிரேஸின் அடுப்பில் கை வைத்துவிட்டது. ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் அரை வயிறோடு எழுந்தார்களோ. விலை ஏறியது அவளால் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஏறும்போது கைதட்டியவள் அவள் ஒருத்திதான்.

அன்றோடு அவள் அப்படி வேண்டிக்கொள்வதை நிறுத்தினாள். ஆனால் வெங்கடேசன் மேலிருந்த கோபத்தை நிறுத்த முடியவில்லை. நாலு வருடம் ஊட்டி வளர்த்த கோபம், ஒரு டம்ளர் சட்னிக்கு அடங்கிவிடாது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே மண்டிக்குப் போனாள். அண்டாக்கள் போன பிறகு அந்தப் படியை அவள் மிதிப்பது அதுதான் முதல் தடவை.

மண்டி பாதி காலியாக இருந்தது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வந்தபின் அங்கே கூட்டம் குறைந்துவிட்டதாக அவளும் கேள்விப்பட்டிருந்தாள். வெங்கடேசன் கல்லாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எறங்கலண்ணே" என்றாள் லோகாம்பாள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் ஆனியிலிருந்து நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்கினுதான் இருக்கேன்மா."

"தேங்கா, எண்ணெ, தக்காளி எல்லாம் ஏறிடுச்சு. இலைக்கு நெறைய ஆவும்."

"ஆவட்டும்."

"பாயசத்துல ஒண்ணக் கொறச்சிக்கலாம். கடைசிப் பந்திக்கு வடைய நிறுத்திக்கலாம். நீங்க சொன்னாத்தான்." அவர் கெஞ்ச வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

"ஒண்ணும் கொறைக்க வேணாம். பவுனு போற போக்குல பொண்ணு கழுத்துக்குத்தான் கொறைச்சேன். இலையில கொறைக்க மாட்டேன்." அவர் மேஜையில் சிந்தியிருந்த பருப்பை விரலால் ஒதுக்கினார். "எறங்கும்னு அன்னைக்கு நீ சொன்னியே, அப்பவே எனக்குத் தெரியும்மா, அது எறங்காதுன்னு. நானும் நாப்பது வருஷமா விலையத்தான பாத்துக்கினு இருக்கேன்."

"தெரிஞ்சும் ஏன் தட்ட மாத்தினீங்க?"

"அந்த வார்த்த என்னோடதாச்சே. எப்ப திரும்பி வரும்னு பாத்துக்கினே இருந்தேன்." அவர் அவளைப் பார்க்காமலே பேசினார். "தையில அப்பாதுரைக்கு நான் பொய் சொல்லல. எறங்கும்னுதான் நெனச்சேன். மாசி கடைசியில மெட்ராஸ்லருந்து போன் வந்துச்சு, ஏறப்போவுதுன்னு. ராவோட ராவா லாரி புடிச்சு குடோன ரொப்பினேன். அப்ப ஒன் புருஷன் ஞாபகம் வந்துச்சு. ஒரு பையன அனுப்பினா போதும். நாளைக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம்னு உட்டுட்டேன். டின்னு விக்க விக்க அனுப்பத் தோணல."

லோகாம்பாள் படியை நோக்கித் திரும்பினாள்.

"நீ மார்க்கெட்டு விலையவே போட்டுக்கோ" என்றார் அவர்.

"போடத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

வழியெல்லாம் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அடிக்க ஓங்கிய கையின் முன்னால் ஒருவர் தானாகவே குனிந்துவிட்டால் அந்தக் கையை என்ன செய்வது? அவர் பொய்யனாகவே இருந்திருக்கலாம். நாலு வருடமாக அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் விடியலில் எழுந்து அடுப்பு மூட்டினாள்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் பின்னறையைத் திறந்தாள். எண்ணெய் டின்கள் கூரை வரை நின்றிருந்தன. அதற்குமுன் எத்தனையோ தரம் பார்த்த டின்கள்தான். ஆடி பிறந்தபோது, இப்போது வெங்கடேசனிடம் ஒரு வார்த்தை சொன்னால் ரேட்டைப் பழைய விலைக்கே பேசிக்கொள்ளலாம் என்று அவளுக்கும் ஒருநாள் தோன்றியிருந்தது. நாளைக்கு என்று அவளும் விட்டிருந்தாள். கதவைச் சாத்தவும் மறந்து அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். வேலையிலிருந்து திரும்பிய அப்பாதுரை எட்டிப் பார்த்து, "இன்னா, தேங்காய்க்குக் காவலா?" என்று கேட்டார். அவள் எழுந்து அவருக்குச் சோறு போட்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. காலை முகூர்த்தம். திரிஷா மஞ்சள் பூசிய முகத்தோடு சமையற்கட்டுக்கே வந்து, "அக்கா, எனக்கு ஒரே ஒரு வட, மேக்கப் கலையறதுக்குள்ள" என்று கேட்டு நின்றபடி தின்றுவிட்டு ஓடினாள். தாமல்காரர்கள் இரண்டு பாயசத்தையும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற மண்டி ஆட்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் வடை வந்தது. சட்னியில் தேங்காய் தாராளமாக இருந்தது. காய் நறுக்க வந்திருந்த கிரேஸ் அதை ருசி பார்த்துவிட்டு, "எங்கருந்துடி இவ்ளோ தேங்கா?" என்று அதட்டினாள். "அம்மன வேண்டிக்கினேன், குடுத்தா" என்றாள் லோகாம்பாள்.

காலையிலேயே அவள் ஆனந்தராஜை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போய், அன்றைய விலையில் இலைக்கு இவ்வளவு என்று போட்டுக் காட்டியிருந்தாள். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. வெங்கடேசன் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். வியாபாரியிடம் விலையைக் குறைத்தால் அவருக்கு உடனே விளங்கிவிடும். விளங்கினால் அது பிச்சை போலாகிவிடும். அவரும் வாங்க மாட்டார், அவளுக்கும் கொடுக்க வாய் வராது.

இலைக் கணக்கை அந்த ஊரில் இப்படிப் பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு முன் கட்டுக் கட்டாக வரும் வாழை இலையைப் பெண் வீட்டாரும் சமையல்காரரும் சேர்ந்து எண்ணி ஓர் அறையில் வைப்பார்கள். பந்தி முடிந்தபின் மிச்சமுள்ள இலையை எண்ணுவார்கள். போனது எத்தனையோ அத்தனை பேர் சாப்பிட்டதாகக் கணக்கு. மிச்சமிருக்கும் ஒவ்வோர் இலைக்கும் ஒரு சாப்பாட்டின் பணம் கழிந்துவிடும்.

கடைசிப் பந்தி எழுந்தது. ஆனந்தராஜ் வாடகைக் கார்களுக்குப் பணம் கொடுக்க வாசலுக்குப் போயிருந்தான். மேளக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். லோகாம்பாள் மூடி போட்ட அண்டா ஒன்றை இலை அறைக்குள் இழுத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

விடியற்காலையில் மார்க்கெட்டில் தன் காசில் வாங்கி, அதற்குள் வைத்து எடுத்து வந்திருந்த இலைக்கட்டுகளை வெளியே எடுத்தாள். ஆனி விலைக்கும் ஆவணி விலைக்கும் நடுவே எவ்வளவு நின்றதோ, அது எத்தனை சாப்பாட்டின் பணமோ, அத்தனை இலைகளை உருவி மிச்சக் கட்டுகளுக்குள் செருகினாள். புது இலை பளிச்சென்று தெரியாமலிருக்க அவற்றின் மேல் தண்ணீர் தெளித்து, வாடிய இலைகளை மேலே போட்டாள். நாரை முன்பு இருந்தபடியே சுற்றி முடிச்சுப் போட்டாள். சீட்டுப் பணத்தில் தள்ளுபடி போனது போனதுதான். அதை அவளே தாங்கிக்கொள்வாள்.

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"ஆனந்தராஜு! வந்து எண்ணிக்கோப்பா. அப்புறம் அக்கா ஏமாத்திட்டான்னு சொல்லப்போற!"